அயர்லாந்துக்குப் போன பெட்டிகள்

தம்பி, அந்தப் பெட்டிய அங்க வைக்காதீங்க. அடியில பஸ் இஞ்சின் சூடு ஏறும். இப்படி சீட்டு மேல வைங்க, நமக்கு நடுவுல. எனக்கு ஒண்ணும் இடைஞ்சல் இல்ல. மீன்தானே? வாசம் வரல, ஆனா தூத்துக்குடியில இருந்து தெர்மாகோல் பெட்டியில வேற என்னத்தக் கொண்டுபோகப் போறீங்க. குரும்பூர்ல அக்கா வீட்டுக்கா? நல்லது. நான் நாசரேத்து வரைக்கும் போறேன். ஐஸ் எப்படிப் போட்டுக் குடுத்தான்? மேல மட்டும் அள்ளிக் கொட்டியிருப்பான். அடியில ஒரு அடுக்கு, பிறகு மீன், பிறகு மேல ஒரு அடுக்குன்னு போடணும். மேல மட்டும் போட்டா உருகுன தண்ணியெல்லாம் அடியில கெடக்க மீனுக்குள்ள இறங்கி சதசதன்னு ஆயிரும். பரவாயில்ல, குரும்பூருக்குத்தானே. தாங்கும்.

தப்பா எடுத்துக்கிடாதீங்க. பெட்டியப் பாத்தா எனக்கு வாய் சும்மா இருக்காது. தொழில் அது. மீன் கம்பெனியில அனுப்புற செக்‌ஷன்ல சூப்பர்வைசர். கப்பல்ல போற சரக்குக்கு வேற ஆளு. நான் பிளேன்ல போற சரக்குக்கு. சூரை மீன், கணவாய், நண்டு, பிறகு சிங்கி இறாலு, லாப்ஸ்டர்ம்பாவ. சிங்கி இறாலு உயிரோடயே போகணும், தெரியுமா? செத்துப்போச்சுன்னா அங்க எவனும் தொடமாட்டான். உயிரோட அனுப்புறதுக்கு ஒரு பக்குவம், மத்ததுக்கு ஒரு பக்குவம். இங்க இருந்து லாரியில திருவனந்தபுரம், அங்க இருந்து பிளேன்ல துபாய், சிங்கப்பூரு, எங்க சொல்லுதாவளோ அங்க. எங்க போனாலும் சரி, என் கையால கட்டுன பெட்டி ஒண்ணுகூட திரும்பி வந்தது கெடையாது. முதலாளி வந்து நிப்பாவ. "சாலமோன் கட்டுனதா?"ம்பாவ. ஆமான்னா திறந்து பாக்கமாட்டாவ. நேரா லாரிக்கு.

அப்படிப்பட்டவன் கட்டுன பெட்டி ஒண்ணு நாசமாப் போச்சு தம்பி. நான் கட்டுனதுல குத்தம் இல்ல. கொரியர்காரன் செஞ்ச வேலை. அவன் மேல கேஸ் போடப் போறேன். அதுக்குத்தான் இப்ப நாசரேத்துக்குப் போறதே. என் வீட்டுக்காரி அங்க அவ தங்கச்சி வீட்டுல இருக்கா. அவதான் சாட்சி. பெட்டியில இருந்ததச் சமைச்சவ அவ. வக்கீல்கிட்ட வந்து ஒரு வார்த்த சொன்னாப் போதும். வரமாட்டேங்கா.

நீங்களே கேட்டுட்டு நியாயத்தச் சொல்லுங்க.

எங்களுக்கு ஒரே பிள்ள. பெனிட்டா. நர்ஸுக்குப் படிச்சா. படிச்சு முடிச்சு அயர்லாந்துக்குப் போனா. அங்கயே ஒரு ஆஸ்பத்திரியில வேலை. மாப்பிள்ளையும் நம்ம பக்கத்துப் பையன்தான், ஆல்வின்னு பேரு, மூக்குப்பீறிக்காரன். அவனும் அங்க முதியோர் இல்லத்துல வேலை பாக்கான். நல்ல பையன்தான். இல்லேன்னு சொல்லமாட்டேன். ஆனா ஒரு சாமான வாங்குனா அளவு பாத்து வாங்கத் தெரியாது. அதப் பிறகு சொல்லுதேன்.

கல்யாணம் முடிஞ்ச கையோட எங்க ரெண்டு பேருக்கும் பாஸ்போர்ட் எடுத்துக் குடுத்துட்டுத்தான் போனா பெனிட்டா. "அப்பா, வருசத்துல ஒரு தரமாவது வரணும்"னா. வருவோம் வருவோம்னு சொல்லிக்கிட்டே இருந்தோம். நம்ம தொழில் அப்படி. மீனு ஓஞ்சா நண்டு, நண்டு ஓஞ்சா சிங்கி. எப்ப லீவு கேக்கது? முதலாளி மூஞ்சியப் பாத்துக் கேக்க வாய் வராது. அவரு என்னைய நம்பித்தான் கம்பெனிய வச்சிருந்தாவ.

போன கார்த்திகையில பெனிட்டா வயித்துவலின்னா. நர்ஸுதானே, அவளே மாத்திர போட்டுக்கிட்டிருந்திருக்கா. பிறகு பாத்தா இரைப்பையில கட்டி. நல்ல கட்டி இல்ல, மத்தது. வயசு என்ன ஆகுதுங்கீங்க, சின்னப் பிள்ள. ஆல்வின்தான் ஃபோன்ல சொன்னான். எங்க வீட்டுக்காரி, கிரேஸின்னு பேரு, அப்பவே பீரோவத் திறந்து பாஸ்போர்ட்ட எடுத்து மேசை மேல வச்சிட்டா. நான் எடுத்து மறுபடி உள்ள வச்சேன். பொறு, ஆப்பரேஷன் பண்ணப் போறாவ, முடியட்டும், எல்லாம் சரியாயிரும்னேன். அங்க உள்ள ஆஸ்பத்திரி நம்ம ஊரு மாதிரியா?

ஆப்பரேஷன் முடிஞ்சு ஒரு நாளு பெனிட்டாவே பேசுனா. வீடியோவுல. முகம் கொஞ்சம் வத்தியிருந்துச்சு. அவ அம்மா அழுதுக்கிட்டே, "என்ன சாப்பிடுதட்டி?"ன்னா. "ஒண்ணும் பிடிக்கலம்மா. இங்க குடுக்கது வாயில வைக்க முடியல. நீ வைக்கிற சாளை மீன் குழம்பு வாசம் மூக்குலயே நிக்குது"ன்னா. பிறகு எம்பக்கம் திரும்பி, "அப்பா, சீசன் முடிஞ்சதும் வாரீங்களா?"ன்னா.

எனக்கு அந்த மீன் குழம்புதான் பிடிச்சிக்கிட்டுது. ஏன்னு கேளுங்க. உலகம் முழுக்க எவனெவனுக்கோ மீனு அனுப்புதேன். எம்பிள்ள ஒரு வாய் சாளைக் குழம்புக்கு ஏங்கிக் கெடக்கா. "ஏட்டி, நீ வருத்தப்படாத. குழம்பு உன் வீட்டு வாசலுக்கு வரும்"னேன். சிரிச்சா. "நீங்க வாங்கப்பா"ன்னா. "குழம்பு முதல்ல வரும், நாங்க பிறகு வாரோம்"னேன்.

மீன் அனுப்பறது லேசு தம்பி, குழம்பு அனுப்பறதுதான் கஷ்டம். முதல்ல விசாரிக்கணும். பாலு, நெய்யி, கறி, இதெல்லாம் கலந்திருந்தா உள்ள விடமாட்டான். மீனுன்னா விடுவான், ஆனா என்ன ஏதுன்னு தெளிவா எழுதி ஒட்டணும். தேங்காய அரைச்சு ஊத்துனா சீக்கிரம் திரிஞ்சிரும். கிரேஸிகிட்ட, தேங்கா கம்மியா, புளி கூட்டி, எண்ண தெளிய வத்த வையின்னேன். அவ வச்சா. ஆறவிட்டேன். கம்பெனியில காத்த உறிஞ்சிட்டு ஒட்டுத மிஷின் இருக்கு, அதுல சின்னச் சின்னப் பொட்டலமா போட்டேன். ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம். நோயாளி பாருங்க, கொஞ்சமாத்தான் சாப்பிடுவா. பிறகு கம்பெனி ஃப்ரீசர்ல வச்சேன். கல்லு மாதிரி ஆயிட்டுது. தரையில போட்டா டங்குன்னு சத்தம் வரும்.

பெட்டிக்குள்ள டிரை ஐஸ் போடணும். பாத்திருக்கீங்களா? தண்ணி ஆகாது, புகையாத்தான் போகும். அதுல ஒரு சூட்சுமம் இருக்கு. பெட்டிய மூச்சுமுட்ட ஒட்டிறக் கூடாது. புகை வெளிய போக வழி விடணும். இல்லேன்னா பெட்டி வெடிச்சிரும். ரொம்ப வழி விட்டாலும் ஐஸ் சீக்கிரம் தீந்துரும். அந்த அளவு கையிலதான் இருக்கு, சொல்லிக் குடுக்க முடியாது. கம்பெனிச் சரக்கோட சேத்து இத அனுப்ப முடியாதுல்லா, அதனால ஒரு கொரியர்காரனப் பிடிச்சேன். வெளிநாட்டுக்குச் சாப்பாடு அனுப்புதோம்னு போர்டு போட்டிருந்தான். அந்த போர்ட நம்புனேன்.

முதல் பெட்டி அம்சமாப் போய்ச் சேந்துச்சு. ஆல்வின் ஃபோன் பண்ணி, "மாமா, இன்னும் கல்லாத்தான் இருக்கு"ன்னான். எனக்கு அன்னைக்குச் சாப்பாடே வேண்டாம்னு ஆயிட்டுது. கம்பெனியில எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தேன். பெனிட்டா சாயங்காலம் பேசுனா. "அப்பா, பெட்டியில நீங்க கட்டியிருந்த முடிச்சப் பாத்தேன். நீங்களே வந்து வாசல்ல நிக்க மாதிரி இருந்துச்சு. அழுகையே வந்துட்டு"ன்னா.

பாத்தீங்களா? நானே வந்து நிக்க மாதிரி. கிரேஸிகிட்ட அதத்தான் சொன்னேன். "கேட்டியா, நாம போனாலும் என்ன, பெட்டி போனாலும் என்ன, பிள்ளைக்கு ஒண்ணுதான்"னேன். அவ அடுப்படிக்குள்ள போயிட்டா.

குழம்பு எப்படியிருந்துச்சுன்னு பெனிட்டாகிட்ட கேட்டதுக்கு, "வாசம் நல்லாருந்துச்சுப்பா"ன்னா. சாப்பிட்டியான்னேன். "ரெண்டு வாய்"ன்னா. ரெண்டு வாயாவது உள்ள போச்சேன்னு எனக்குச் சந்தோசம்.

அதுக்குப் பிறகு நானும் விடல. மீன் புட்டு, நெத்திலி அவியல், இறால் தொக்கு. கிரேஸி சமைப்பா, நான் கட்டுவேன். வீடே ஒரு கம்பெனி மாதிரி ஆயிட்டுது. ஞாயித்துக்கிழம கோயிலுக்குப் போயிட்டு வந்தா எங்களுக்கு அதான் வேல. அவ இடையில இடையில கேப்பா, "நான் மட்டுமாவது போயிட்டு வாரனே. ஆல்வின் விசாவுக்கு வேண்டியத அனுப்புதேங்கான்." நான் எடுத்துச் சொன்னேன். நீ தனியா எப்படிப் போவ? எத்தன பிளேன் மாறணும் தெரியுமா? உனக்கு பாஷையும் தெரியாது. அங்க உள்ள குளிரு உன் முழங்காலுக்கு ஆகுமா? அங்க போய் நீ படுத்துக்கிட்டா அந்தப் பிள்ள உன்னையும்லா பாக்கணும். இங்க இருந்து நீ சமைச்சாத்தானே அவளுக்குச் சாப்பாடு? நியாயமாத்தானே சொன்னேன். சிங்கி சீசன் முடியட்டும், ரெண்டு பேருமாச் சேந்து போவோம்னேன். அவளும் சரின்னுட்டா. சரின்னு சொல்லல, ஆனா பாஸ்போர்ட்ட மறுபடி எடுக்கல.

மாசியில பெனிட்டாவால கட்டியான சாப்பாடு முழுங்க முடியலன்னு ஆச்சு. நான் அசரல. மீன் முள்ளக் கொதிக்க வச்சு வடிகட்டி, மிளகு தட்டிப் போட்டு, ரசம் மாதிரி தெளிவா எடுத்து, தட்டத் தட்டயா உறைய வச்சேன். ஒரு தட்ட எடுத்துச் சுடுதண்ணியில போட்டா ஒரு கிண்ணம் சூப்பு. எவன் யோசிப்பான் இத? முதலாளியே பாத்துட்டு, "சாலமோன், இதயே நாம ஒரு வியாபாரமாப் பண்ணலாம்யா"ன்னாவ.

அந்தப் பெட்டி போய்ச் சேந்த பிறகுதான் ஆல்வின் ஒரு நாளு பேசுனான். குரலே சரியில்ல. "மாமா, இனிமே அனுப்பாதீங்க. ஃப்ரீசர்ல இடம் இல்ல. அவ ஒண்ணும் சாப்பிடுதது இல்ல மாமா. போன பெட்டி, அதுக்கு முந்துன பெட்டி, எல்லாம் அப்படியே இருக்கு. நீங்களும் அத்தையும் வாங்க. சீக்கிரம் வாங்க"ன்னான்.

நான் முதல்லயே சொன்னேன்லா, அளவு பாத்து வாங்கத் தெரியாதுன்னு. அந்த ஊர்ல போய் சின்ன ஃப்ரீசரா பாத்து வாங்கி வச்சிருக்கான். "இன்னொரு ஃப்ரீசர் வாங்கிப் போடுப்பா, நான் அனுப்புததுல கொற வச்சேனா?"ன்னு கேட்டேன். லைன் கட்டாயிட்டுன்னு நெனச்சு ஹலோ ஹலோன்னேன். "இருக்கேன் மாமா"ன்னான். பிறகு வச்சிட்டான். மாப்பிள்ள முறுக்குன்னு விட்டுட்டேன்.

கிரேஸி பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா. "என்ன சொல்லுதான்?"ன்னா. ஃப்ரீசர் பத்தலயாம்னேன். அவ எம்மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னா.

சரி, இப்பதான் அந்தக் கொரியர்காரன் கதைக்கு வாரேன்.

கடைசியா ஒரு பெட்டி கட்டுனேன். என் சர்வீஸ்ல அப்படி ஒரு பெட்டி கட்டுனது இல்ல தம்பி. விளைமீன் சூப்பு. பிள்ள சின்னதுல காய்ச்சல்னு படுத்தா அதத்தான் குடிப்பா. கிரேஸி காலையில எந்திரிச்சு ஜெபம் பண்ணிட்டு வச்சா. நான் உள்ள ஒரு தெர்மாகோல், அதுக்கு வெளிய இன்னொரு தெர்மாகோல்னு ரெண்டு பெட்டியா வச்சேன். ஐஸ் தாராளமாப் போட்டேன், சட்டத்துக்கு எவ்வளவு உண்டோ அவ்வளவும். உள்ள எவ்வளவு குளிர் இருக்குன்னு பதிஞ்சுக்கிட்டே போற ஒரு சின்னக் கருவி இருக்கு, கம்பெனியில கேட்டு அதையும் வச்சேன். பேனா மூடி அளவுதான் இருக்கும். நாளைக்கு எவனும் நீ ஒழுங்காக் கட்டலன்னு சொல்லிறப்பிடாதுல்லா?

பெட்டி துபாய் வரைக்கும் போச்சு. அங்க அடுத்த பிளேன் விட்டுப்போச்சுன்னான். சரி, அதுக்கு அடுத்ததுல ஏத்துன்னேன். அதுலயும் ஏறல. எங்க கெடக்குன்னு கேட்டா ஒருத்தன் குளிர் ரூம்லங்கான், இன்னொருத்தன் வெளியவே கெடக்குங்கான். மெட்ராஸ் ஆபீஸ்ல கேட்டா பம்பாய் ஆபீஸக் கேளுங்கான். பம்பாய்ல ஒரு பொம்பளப் பிள்ள, பாட்டப் போட்டுவிட்டுட்டுப் போயிரும். நான் ஃபோனக் கையில இருந்து இறக்கல. ஐஸ் எவ்வளவு நேரம் தாங்கும்னு எனக்குத்தானே தெரியும். நான் மனசுக்குள்ள பாத்துக்கிட்டே இருக்கேன், இப்ப ஓரம் உருக ஆரம்பிச்சிருக்கும், இப்ப நடுவுல இளகியிருக்கும்னு. உங்களுக்கு அது புரியாது தம்பி. ஒரு பெட்டி எங்கயோ வெயில்ல கெடக்கு, உள்ள இருக்கது கொஞ்சங் கொஞ்சமாப் போயிக்கிட்டிருக்கு, நாம இங்க ஒண்ணுஞ் செய்ய முடியாம நிக்கோம். அந்த வேதன பெரிய வேதன.

அன்னைக்குச் சாயங்காலந்தான், ரொம்பப் போராடி பெரிய அதிகாரி ஒருத்தன் லைன்ல வந்தான். வீட்டு முன்னால, பைக்குல சாஞ்சுக்கிட்டு நின்னு பேசிக்கிட்டிருக்கேன். அந்த நேரம் பாத்து ஆல்வின் ஃபோன்ல வாரான். ஒரு தரம் வந்துச்சு, கட் பண்ணுனேன். மறுபடி வந்துச்சு. மறுபடியும் கட் பண்ணுனேன். பின்ன என்ன செய்ய? அந்த அதிகாரிய விட்டா மறுபடி பிடிக்க முடியுமா? ஆல்வின்கிட்ட பிறகு பேசிக்கிடலாம். பேசுனாலும் பெட்டி எங்க மாமான்னு கேப்பான், அதுக்கு நான் பதில் வச்சிருக்கணும்லா?

பிறகு அவன் கிரேஸி ஃபோனுக்குப் போட்டிருக்கான் போல. அவ ஃபோன நீட்டிப் பிடிச்சுக்கிட்டே வெளிய வந்தா. வீடியோ. வெயிலு அதுல பட்டுப் பளபளங்குது, எனக்கு ஒண்ணும் தெரியல. "ஏங்க, பிள்ள கூப்பிடுதா. ஒங்களக் கேக்கா. ஒரு நிமிசம், ஏங்க"ன்னா. நான் கையக் காட்டுனேன், இரு இருன்னு. இந்தப் பக்கம் அதிகாரி, "சார், உங்க பெட்டிய இன்னைக்கு ஏத்திருதோம்"னு சொல்லிக்கிட்டிருக்கான். அந்த வார்த்தைக்குத்தானே இத்தன பாடுபட்டேன்? எந்த பிளேன், எத்தன மணிக்குன்னு கேட்டேன். அவ என் கையப் பிடிச்சு இழுத்தா. நான் உதறிட்டு ரோட்டுப் பக்கமாத் தள்ளிப் போயி நின்னு பேசுனேன். இரைச்சல்ல எனக்குக் கேக்கலல்லா.

பேசி முடிச்சிட்டு நல்ல சேதியோட திரும்புதேன். அவ வாசப்படியில உக்காந்திருக்கா. ஃபோன் மடியில கெடக்கு, விளக்கு அணைஞ்சு. "இன்னைக்கு ஏறிருமாம் பெட்டி! நாளைக்குப் போயிரும்"னேன். அவ தலைய நிமிந்து பாத்தா. "போயிட்டா"ன்னா. பெட்டி போயிட்டான்னு கேக்கா போலன்னு நெனச்சேன்.

அந்தக் கொரியர்காரன் மட்டும் சொன்ன நாளைக்குச் சேத்திருந்தான்னா, நான் ஏன் அந்த நேரத்துல ரோட்டுல நின்னு பேசிக்கிட்டிருக்கப் போறேன்? சொல்லுங்க. அவனத்தானே கேக்கணும்? ஒரு பிள்ள கடைசியா அப்பான்னு கூப்பிட்ட நேரத்துல என்னைய ஃபோன்ல பிடிச்சு வச்சிருந்தானே, அதுக்கு எந்தக் கோர்ட்டுல என்ன தண்டன? வக்கீல் சொல்லுதாரு, அதெல்லாம் கேஸுல வராது, பெட்டி கெட்டுப்போனது மட்டுந்தான் வரும்னு. சரி, அதையாவது போடுவோம்.

பிள்ளய இங்க கொண்டுவரணும்னு ஆல்வின்தான் அலைஞ்சான். அவன் அழுதுக்கிட்டே எல்லாத்தையும் செஞ்சான். திருவனந்தபுரத்துக்கு வந்துச்சு. பயணிக வாற வழியா வராது தம்பி, உங்களுக்குத் தெரியாது. ஆளுக வாற வழி வேற. இது கார்கோவுக்குத்தான் வரும். நாங்க மீனு கொண்டுபோய் இறக்குத அதே வளாகந்தான், இறக்குமதி வாசல் மட்டும் பக்கத்துல.

அங்க எல்லாரும் எனக்குப் பழக்கம். வாசல்ல நிக்கவன் சிரிச்சுக்கிட்டே, "சாலமோன் அண்ணாச்சி, இன்னைக்கு என்ன சரக்கு?"ன்னான், அவன் பாஷையில. மலையாளத்துக்காரன். கூட வந்த என் மச்சினன்தான் அவன்கிட்ட மெதுவாச் சொன்னான். அவன் அப்படியே தொப்பியக் கழத்திட்டான்.

நம்ம சரக்குக்கு என்னென்ன சீட்டு உண்டோ அதே சீட்டுதான். அனுப்புனவன் பேரு, வாங்குறவன் பேரு, எந்த பிளேன், எத்தன பெட்டி. எத்தன பெட்டின்னு ஒரு கட்டம் இருக்கும். ஒண்ணுன்னு போட்டிருந்தான். வாங்குறவன்ங்குற எடத்துல என் பேரு. நான் இத்தன காலம் அனுப்புனவன் எடத்துலதான் கையெழுத்துப் போட்டிருக்கேன்.

எடை போட்டிருந்தான். பெட்டியோட சேத்து மொத்த எடை. மரப்பெட்டி, உள்ள தகரம் அடிச்சிருக்கும். எனக்குப் பெட்டியப் பாத்தாலே அதோட எடை தெரியும். நான் நின்ன எடத்துலயே பெட்டி எடையக் கழிச்சுப் பாத்துட்டேன் தம்பி. பழக்கம். வேணும்னு செய்யல. தன்னால வந்துட்டு. மிச்சம் எவ்வளவு வந்துச்சுன்னு சொல்லமாட்டேன். யார்கிட்டயும் சொன்னது இல்ல. கிரேஸிகிட்டயும் சொல்லல. ஒம்பதாங் கிளாஸ் படிக்கையில அவ அந்த எடை இருந்தா.

நல்லாத்தான் கட்டியிருந்தாங்க. கொற சொல்ல முடியாது.

அடக்கம் முடிஞ்சு ரெண்டு நாள்ல துபாய்ல இருந்து சேதி, பெட்டி அங்கயேதான் கெடந்துச்சாம், ஏறவே இல்லையாம். கெட்டுப்போனதால அழிச்சிட்டாங்களாம். உள்ள வச்ச கருவியும் போச்சு. சாமான் கெட்டதுக்கு நீங்க சரியாக் கட்டாததுதான் காரணம்னு கொரியர்காரன் சொல்லுதான். என்னைய! நான் கட்டுனத! அன்னைக்கு முடிவு பண்ணுனேன், இவன விடப்பிடாதுன்னு. வீட்டுக்கு வந்தவங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். துக்கம் கேக்க வந்தவங்களுக்கு அந்தப் பெட்டிய எப்படிக் கட்டுனேன்னு ஒண்ணுவிடாமச் சொன்னேன். எல்லாரும் கேட்டுக்கிட்டாங்க. ஒருத்தரும் நான் சொல்லுதது தப்புன்னு சொல்லல.

அப்பதான் ஒரு நாளு கிரேஸி ஒரு பைய எடுத்துக்கிட்டு தங்கச்சி வீட்டுக்குப் போனா. மனசு ஆறட்டும்னு நானும் விட்டேன். போனவ போனவதான். ஃபோன் பண்ணுனா எடுக்கமாட்டேங்கா. நேர்ல போனா பேசமாட்டேங்கா. அதிர்ச்சியில சில பேருக்கு அப்படி ஆகுமாம். பாளையங்கோட்டையில ஒரு டாக்டர் இருக்காரு, கூட்டிட்டுப் போகலாம்னு கேட்டேன்.

கம்பெனியா? கம்பெனியில முதலாளி சொல்லிட்டாவ, "சாலமோன், எத்தன நாளானாலும் எடுத்துக்கிடும், வீட்டப் பாரும்"னு. எனக்குப் பதிலா ஒரு ஆளப் போட்டிருக்காவ. வள்ளியூர்க்காரன், ஐஸ் கட்டுன கை இல்ல, முந்தி வாழக்கா மண்டியில இருந்தவன். நான் ஒரு நாளு போய்ப் பாத்தேன். அடுக்குதது ஒண்ணும் ஒழுங்கு இல்ல. இது போய்ச் சேராதுன்னு சொல்லிட்டு வந்தேன். போய்ச் சேந்திருக்கு. எல்லாம் போய்ச் சேருதாம். சிங்கி இறாலு கூட உயிரோட போகுதாம். எப்படின்னு எனக்கே தெரியல.

ஆத்தூர் தாண்டிட்டா? உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு.

போன வாரம் நாசரேத்துக்குப் போயிருந்தேன். கொழுந்தியாதான் வாசல்ல வந்தா. உள்ள வாங்க அத்தான்னு கூடச் சொல்லல. ஆல்வின் பேசுனானாம். அந்த ஃப்ரீசர்ல இருக்கதத் தூரப்போட மனசு வரலையாம் அவனுக்கு. வேல முடிஞ்சு வந்து தினம் ஒரு பொட்டலத்த எடுத்து, சுட வச்சு, ஒத்தையில உக்காந்து திங்கானாம். தின்னுக்கிட்டே அத்தைக்கு ஃபோன் பண்ணுவானாம். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசமாட்டாங்களாம். அவன் திங்க சத்தத்த இவ கேட்டுக்கிட்டு இருப்பாளாம். கொழுந்தியா அதச் சொல்லையில கண்ணத் துடைச்சுக்கிட்டா.

ஆனா எனக்கு ஒரு விசயம் தெரியணும்லா. "கெட்டுப்போகாம இருக்காமா? மாசக்கணக்கு ஆயிட்டே, ருசி எப்படி இருக்காம்?"னு கேட்டேன். கேஸுக்கு அது நல்ல சாட்சி பாருங்க. நான் கட்டுனது இத்தன மாசம் தாங்குதுன்னா குத்தம் யாருதுன்னு தெரிஞ்சு போகும்லா? கொழுந்தியா என்னைய ஒரு மாதிரிப் பாத்தா. அவளுக்கு இதெல்லாம் எங்க புரியப் போகுது.

அப்பதான் கிரேஸி வெளிய வந்தா. மெலிஞ்சிட்டா. நான் மெதுவாத்தான் கேட்டேன். சத்தம் போடல. "கிரேஸி, கேஸ் கெடக்கட்டும். அன்னைக்கு நீ ஃபோன நீட்டுனியே, அதுல பிள்ள என்ன சொன்னா?"ன்னேன். வெயில்ல எனக்கு அது முகமா, வெறும் வெளிச்சமான்னே தெரியல தம்பி. அவ எப்படி இருந்தா, கண்ணத் திறந்திருந்தாளா, ஒண்ணும் தெரியாது. ஆல்வின்கிட்ட கேட்டா அழுதான், ஃபோனப் பிடிச்சிக்கிட்டு இருந்தேன் மாமா, எனக்குக் காது கேக்கலங்கான். கேட்டவ கிரேஸி ஒருத்திதான். அவளுக்கு மட்டுந்தான் தெரியும்.

"அவ ஒங்களத்தான் கூப்பிட்டா. ஒங்களுக்குச் சொன்னது அது. எனக்குச் சொன்னது இல்ல. அதத் தூக்கி ஒங்ககிட்டக் குடுக்க என்னால ஆகாது"ன்னா. உள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டா. அவ்வளவுதான். இத்தன மாசத்துல எங்கிட்ட அவ பேசுனது அவ்வளவுதான்.

நான் வாசல்லயே நின்னேன். கொழுந்தியா, "இனிமே வராதீங்க அத்தான், அக்கா ரெண்டு நாளைக்குச் சாப்பிடமாட்டா நீங்க வந்துட்டுப் போனா"ன்னா. நல்லாருக்கா நியாயம்? நான் என்ன ஊரான் வீட்டுப் பொம்பளையவா பாக்கப் போறேன்?

அதான் இன்னைக்கும் போறேன். வக்கீல் கேட்டா நான் பதில் சொல்லணும்லா? அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கேப்பாருல்லா? அதுக்காகத்தான். வேற ஒண்ணுக்கும் இல்ல. என்ன சொன்னான்னு முழுசாச் சொல்ல வேண்டாம். அவ கிட்டயே இருக்கட்டும். ரொம்ப நேரம் பேசுனாளா, ஒரு வார்த்ததானா, அத மட்டும் சொன்னாப் போதும். கதவுக்கு உள்ள இருந்தே சொன்னாலும் போதும்.

சொல்லமாட்டா. எனக்குத் தெரியும். அவ சொல்லமாட்டா தம்பி.